பந்து போடாத மாதத்தில் ஒரு பேஸ்பால் யாத்திரை

நவம்பர் 28, வெள்ளி: ஒசாக்காவிலிருந்து கோச்சி

"இப்போது போனால் புல்லைத்தான் பார்க்கலாம்" என்றார் அலுவலகத்தில் என் எதிர் மேசைக்காரர். அப்பா காலத்திலிருந்தே ஹான்ஷின் டைகர்ஸ் என்ற பேஸ்பால் அணியின் ரசிகர். அவர் சொன்னது சரிதான். ஜப்பானில் பேஸ்பால் வழக்கமாக நவம்பர் தொடக்கத்துக்குள் முடிந்துவிடும். எனக்கு லீவு கிடைத்ததோ நவம்பர் கடைசியில்.

ஒசாக்காவுக்கு வேலைக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வரும்போது பேஸ்பால் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இவர்தான் ஃபோனில் ஒரு வீடியோ காட்டினார். 2020 நவம்பர் 10, ஹான்ஷினின் சொந்த மைதானமான கோஷியென், அந்த அணியின் பிட்சர், அதாவது பந்து போடுபவர், ஃபுஜிகாவா க்யூஜியின் கடைசி ஆட்டம். நாற்பது வயது மனிதர் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் வந்து பன்னிரண்டு பந்து போடுகிறார். பன்னிரண்டும் நேர்ப்பந்து. எதிரே ஜென்மப் பகையாளியான ஜெயன்ட்ஸ் அணி. இரண்டு பேர் மூன்று முறை தவறவிட்டு 'ஸ்ட்ரைக் அவுட்', மூன்றாவது ஆள் தூக்கியடித்துக் கேட்ச். அவ்வளவுதான், இருபத்திரண்டு வருஷத் தொழில் முடிந்தது. எதிர் மேசைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே "245. இன்னும் ஐந்து" என்று முணுமுணுத்தார்.

அந்த ஐந்து என்னவென்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. முதலில் இறங்கும் பிட்சர் களைத்ததும் வருகிறவர் ரிலீஃப் பிட்சர். அவர்களில் கடைசியாக வருகிறவர் க்ளோசர். மூன்று ரன்னோ அதற்குக் குறைவோ முன்னிலை இருக்கும்போது வந்து, கடைசி இன்னிங்ஸில் அதைக் காப்பாற்றிக் கொடுத்தால் அவர் கணக்கில் ஒரு 'சேவ்'. 250 சேவ் சேர்ந்தால் மெய்க்யூகாய் என்ற சங்கத்தில் இடம் உண்டு. அடிக்கிறவர்களுக்கு அதே வாசல் 2000 ஹிட், முதல் பிட்சர்களுக்கு 200 வெற்றி. ஃபுஜிகாவா ஜப்பானில் 243, அமெரிக்காவில் 2 எடுத்திருந்தார். வாசற்படி வரை வந்து நின்றுவிட்டார்.

இந்த ஐந்து மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு வருவோம் என்று கிளம்பிவிட்டேன்.

கோச்சி ஷிகோக்குத் தீவின் தென்பக்கம் இருக்கிறது. பஸ்ஸில் ஐந்து மணி நேரம். அகாஷி பாலத்தில் ஏறியதும் பஸ்ஸில் பேச்சு நின்று எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். 1998-இல் திறந்த தொங்கு பாலம், நடுத்தாவு மட்டும் 1991 மீட்டர். அடுத்து அவாஜித் தீவு. அங்கே வெங்காயம் பிரசித்தம். பஸ் நின்ற இடத்தில் வெங்காய சூப் குடித்தேன், 400 யென். வெங்காயத்தில் இவ்வளவு இனிப்பு இருக்குமென்று எங்கள் வீட்டில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

கோச்சியில் இறங்கியதும் முதல் அடி. விடுதியில் என் பெயர் இல்லை. நவம்பர் 28-க்குப் பதிலாக டிசம்பர் 28-க்குப் பதிவு செய்திருக்கிறேன். தப்பு முழுக்க என்னுடையது. ஆனால் மேசையிலிருந்த பெண் என்னவோ அவர் தப்பு செய்ததுபோல நான்கு முறை குனிந்து மன்னிப்புக் கேட்டு, வேறு அறை தேடிக் கொடுத்தார். 1,800 யென் கூடுதல். அதற்கும் ஒரு முறை குனிந்தார்.

இரவு ஹிரோமே சந்தை. சந்தை என்றாலும் உள்ளே முழுக்க சாப்பாட்டுக் கடைகள். நடுவில் நீள மேசைகள், யார் பக்கத்தில் இடம் இருக்கிறதோ அங்கே உட்கார வேண்டியதுதான். கத்சுவோ தத்தாகி வாங்கினேன். சூரை வகை மீனை வைக்கோல் நெருப்பில் காட்டி, மேல்தோல் மட்டும் கருகியதும் எடுத்து, தடிமனாக அரிந்து கொடுக்கிறார்கள். உள்ளே பச்சைதான். கல் உப்பும் பச்சைப் பூண்டு வில்லையும் வைத்துச் சாப்பிட வேண்டும். பூண்டைக் கண்டதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. ஒரு தட்டு 1,300 யென்.

பக்கத்தில் எழுபது வயதுக்கு மேலான தாத்தா ஒருவர் உட்கார்ந்திருந்தார். எதற்கு வந்தாய் என்று கேட்டார். "ஃபுஜிகாவா க்யூஜி" என்றேன். ஒரு கணம் பார்த்துவிட்டு, தன் கோப்பையைக் குடித்துக் காலி செய்து என் கையில் கொடுத்து அதில் சாக்கே ஊற்றினார். நான் குடித்ததும் அதே கோப்பையை அவரிடம் கொடுத்து ஊற்ற வேண்டுமாம். அதற்கு ஹென்பாய் என்று பெயர், கோச்சிக்காரர்கள் பழக்கம். ஏழு சுற்று வரை எண்ணினேன்.

பெயரின் கதையை அவர்தான் சொன்னார். 1980 ஜூலை 21-இல் பையன் பிறந்தான். அதற்கு முந்தின நாள் அப்பா உள்ளூர் ஆட்டம் ஒன்றில் எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் பந்து போட்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தில் 'க்யூஜி' என்று வைத்தார்கள். பந்துப் பிள்ளை என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் பேஸ்பால் ஆடும் எல்லாப் பையன்களையும் இந்த நாட்டில் அந்த வார்த்தையால்தான் சொல்வார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பந்து போட வராமல் போயிருந்தால் பாவம், என்ன செய்திருப்பார்!

நவம்பர் 29, சனி: அகி

தலை வலித்தது. ஏழு சுற்றுதானா என்பதே சந்தேகம்.

ஹான்ஷின் அணி இலையுதிர்காலப் பயிற்சி முகாமை இதே மாநிலத்தில் அகி என்ற சின்ன ஊரில் நடத்துகிறது. ஃபுஜிகாவா இப்போது அணியின் மேலாளர். 2024 அக்டோபரில் பொறுப்பேற்று, முதல் வருஷமே, ஜப்பானின் இரண்டு லீக்குகளில் ஒன்றான சென்ட்ரல் லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். 2025 செப்டம்பர் 7 அன்றே வேலை முடிந்துவிட்டது. இரண்டு லீக் முறை வந்த பிறகு இவ்வளவு சீக்கிரம் யாரும் முடித்ததில்லை. அப்புறம் ஜப்பான் சீரிஸ் என்ற இறுதிப் போட்டியில் சாஃப்ட்பேங்க் அணியிடம் தோற்றது வேறு கதை. முகாம் மாதக் கடைசி வரை இருக்கும், வேலிக்கு வெளியே நின்றாவது அவரைப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ரயில் கோமென் என்ற ஊர் வழியாகப் போகிறது. ஜப்பானிய மொழியில் 'கோமென்' என்றால் மன்னிப்புக் கேட்பது. நகரத்து டிராமின் நெற்றியிலும் 'கோமென்' என்று பெரிதாக எழுதியிருக்கும். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வரும் வண்டி! கோமெனுக்கு அப்பால் தடம் கடலோரமாகப் போகிறது. வலதுபக்கம் முழுக்க பசிபிக். காற்று பலமாக இருந்தது, வெயிலும் இருந்தது. நவம்பர் கடைசியிலும் ஸ்வெட்டர் தேவைப்படவில்லை.

க்யூஜோமாயே, அதாவது 'மைதானத்து முன்', என்ற நிறுத்தத்தில் நான் ஒருவன்தான் இறங்கினேன். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மேடேறிப் போனால் கேட் பூட்டியிருக்கிறது. ஒரு பெரியவர் இலை கூட்டிக்கொண்டிருந்தார். "முகாம்?" என்றேன். "முடிந்துவிட்டது" என்று சொல்லி, கையால் ஒரு விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டினார். எனக்கு மொழி தெரியாது என்று நினைத்துவிட்டார். என் முகம் போன போக்கைப் பார்த்து, துடைப்பத்தை வேலியில் சாய்த்துவிட்டு, பிட்சர்கள் போட்டுப் பழகும் புல்பென் இருக்கும் திசையைக் காட்டினார். கம்பி வழியே ஒரு கூரை தெரிந்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டேன்.

மேட்டில் உட்கார்ந்து கடலைப் பார்த்தபடி யோசித்தேன். புது ஆட்டக்காரர்களை அணிகள் பங்கிட்டு எடுக்கும் தேர்வில், 1998-இல் ஹான்ஷின் ஃபுஜிகாவாவை முதல் தேர்வாக எடுத்தது. அதே வருஷம் வந்த இன்னொரு பிட்சர் மத்சுசாகா. அந்த வயதுக்காரர்கள் எல்லோருக்குமே 'மத்சுசாகா தலைமுறை' என்று பெயர் விழுந்துவிட்டது. மத்சுசாகா வந்ததுமே நட்சத்திரம். இவருக்குத் தோள் வலி, ஒல்லி உடம்பு, இரண்டாம் அணி. 2003 கடைசியில் வெளியேற்றுவோர் பட்டியல் வரை பெயர் போய்விட்டது. புதிதாக மேலாளராக வந்த ஒகாதா அகினோபு, "இவனை அனுப்ப வேண்டாம்" என்று தடுத்ததால் தப்பினார். அடுத்த வருஷம் இரண்டாம் அணிப் பயிற்சியாளர் யமாகுச்சி தகாஷி, பந்தை விடும்போது வலது முழங்கால் மடங்குவதைக் கவனித்து, மடக்காதே என்று சொன்னார். உயரத்திலிருந்து பந்து வர ஆரம்பித்தது. 2005-இல் 80 ஆட்டங்களில் இறங்கினார். அதுவரை ஜப்பானில் ஒரே வருஷத்தில் யாரும் அத்தனை ஆட்டம் போட்டதில்லை. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் விட்டது 1.36 ரன். ஒரு முழங்கால்!

அந்த வருஷம்தான் ஜே.எஃப்.கே. ஜெஃப் வில்லியம்ஸ், ஃபுஜிகாவா, குபோதா. ஆறு இன்னிங்ஸ் வரை முன்னிலையில் இருந்தால் போதும், மிச்ச மூன்றை இந்த மூன்று பேரும் அடைத்துவிடுவார்கள். எதிர் மேசைக்காரர் அந்த நாட்களில் ஏழாவது இன்னிங்ஸோடு டிவியை அணைத்துவிட்டுக் குளிக்கப் போவாராம்.

திரும்பும் ரயிலைக் கண்ணெதிரே தவறவிட்டேன். அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. அகி ஊருக்குள் நடந்தே போய் சிரிமென்-தோன் சாப்பிட்டேன். சுடுசோற்றின் மேல் நூல் மாதிரி வெள்ளைப் பொடிமீன், 900 யென். நெத்திலியின் குட்டித் தம்பி. கடைக்கார அம்மா என் அலைச்சலைக் கேட்டு, சிரித்து முடித்து, ஒரு தட்டு கத்திரிக்காய் இலவசமாக வைத்தார். அகியில் கத்திரிக்காய் நிறைய விளைகிறது. எண்ணெயில் வதக்கி இஞ்சி போட்டிருந்தார். யாத்திரையிலேயே நல்ல சாப்பாடு அதுதான். மீனுக்கு இரண்டாம் இடம்.

நவம்பர் 30, ஞாயிறு: கோச்சி

கோட்டையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு ஞாயிற்றுச் சந்தை. முந்நூறு வருஷத்துக்கு மேல் நடக்கிறது. இஞ்சி, யுசு எலுமிச்சை, கத்தி, செடி, ஊறுகாய். சர்க்கரைவள்ளி பஜ்ஜிக்கு ஒரு பெரிய வரிசை. பஜ்ஜி என்று நான் சொல்கிறேன், அவர்கள் இமோ-தென் என்கிறார்கள். மாவு கொஞ்சம் இனிப்பு. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பாட்டி தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து, "சூடாகச் சாப்பிடு, அப்புறம் வரிசையில் நில்" என்றார். நின்றேன். பிறகு ஹரிமாயா பாலத்தையும் பார்த்தேன். ஜப்பானில் பார்த்து ஏமாறும் இடங்கள் மூன்று என்று ஒரு பட்டியல் உண்டு, அதில் இதுவும் ஒன்று. சிவப்பாக, குட்டியாக இருந்தது. அகியில் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இது ஒன்றும் ஏமாற்றமாகத் தெரியவில்லை.

மத்தியானம் நகராட்சி மைதானம். இந்த ஊருக்கு நான் வந்ததே இதற்காகத்தான்.

2012 முடிந்ததும் ஃபுஜிகாவா அமெரிக்கா போனார். சிகாகோ கப்ஸ். 2013 கோடையில் முழங்கைத் தசைநார் போய் அறுவை சிகிச்சை. 2015-இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ், இரண்டே ஆட்டம், மே மாதம் விடுவித்துவிட்டார்கள். முப்பத்தைந்தை நெருங்கும் வயது. ஜப்பானில் பெரிய அணிகள் எடுக்கத் தயாராக இருந்திருக்கும். இவர் சொந்த ஊருக்கு வந்து, ஷிகோக்கு லீக்கில் ஆடும் கோச்சி ஃபைட்டிங் டாக்ஸ் என்ற அணியில் சேர்ந்தார். சம்பளம் இல்லாமல். டிக்கெட் பணத்தில் ஒரு பங்கு ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லங்களுக்குப் போக வேண்டும் என்ற ஏற்பாட்டோடு. 46 சேவ் எடுத்து அப்போதைய ஜப்பானியச் சாதனையைச் சமன் செய்தவர் இவர். 2007-இல் அணி தொடர்ந்து பத்து ஆட்டம் ஜெயித்தபோது பத்திலும் இறங்கியவர். அவரே இங்கே முதல் பிட்சராக நின்று போட்டிருக்கிறார்.

முதல் இரவு அந்தத் தாத்தாவிடம் ஐந்தைப் பற்றிப் புலம்பியிருந்தேன். அவர் சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறேன்: "ஐந்து போனால் என்ன, இங்கே வந்து சும்மா போட்டானே." அந்த ஆட்டங்களில் ஒன்றுக்குப் பேரனைக் கூட்டிப் போயிருக்கிறார். பேரன் ஆட்டத்தைப் பார்க்கவேயில்லை, கடைசி வரை ஐஸ் தின்றுகொண்டிருந்தானாம்.

அதே அணியிலிருந்து பிறகு ஹான்ஷினுக்குப் போனவர் இஷீ தாய்ச்சி. 2020 தேர்வில் எட்டாவது சுற்றில், கிட்டத்தட்ட கடைசியில் எடுத்தார்கள். அவரும் ரிலீஃப்தான். இந்த 2025-இல் தொடர்ந்து 50 ஆட்டங்களில் ஒரு ரன் கூடக் கொடுக்கவில்லை. ஜப்பானில் பழைய சாதனை 39. இந்தச் சின்ன மைதானத்துக்கு என்ன ராசியோ!

உள்ளே பத்து வயதுப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் வரிசையாகத் தொப்பியைக் கழற்றி "கொன்னிச்சிவா!" என்று கத்தினார்கள். பின்னால் யாராவது பெரிய மனிதர் வருகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. எனக்குத்தான்.

டிசம்பர் 1, திங்கள்: கோஷியென்

காலையில் மழை. பஸ்ஸில் முன் இருக்கைக்காரர் சாய்வை இறக்குவதற்கு முன் திரும்பி அனுமதி கேட்டார். ஐந்து மணி நேரத்தில் மூன்று முறை இறக்கினார், மூன்று முறையும் கேட்டார். தூங்கவே முடியவில்லை.

ஒசாக்காவின் உமேதாவிலிருந்து கோஷியென் ரயிலில் கால் மணி நேரம். 1924-இல் கட்டிய மைதானம், சுவரெல்லாம் கொடி படர்ந்திருக்கிறது. குளிருக்கு இலை உதிர்ந்து பாதி செங்கல் தெரிந்தது. அருங்காட்சியகத்துக்குப் போனால் திங்கள்கிழமை விடுமுறை. இரண்டாவது பூட்டிய கதவு. இந்த முறை சிரிப்பு வந்துவிட்டது.

மைதானத்தை ஒட்டியே சுசானோ கோயில். ரசிகர்கள் வேண்டுதலை மரப்பலகையில் எழுதித் தொங்கவிடுகிறார்கள். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு ஃபோன் கேமராவை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். பாதிப் பேர் பட்டம் கேட்கிறார்கள். ஒருவர் முழங்கால் வலி போகவேண்டும் என்கிறார், அவருடையதா ஆட்டக்காரருடையதா தெரியவில்லை. ஒரு குழந்தைக் கையெழுத்து: "ஒன்பதாவது இன்னிங்ஸில் அப்பா கத்தக்கூடாது."

இரவு அறைக்கு வந்து இணையத்தில் துழாவியபோதுதான் அந்த விஷயம் கண்ணில் பட்டது. 2022 டிசம்பரில் மெய்க்யூகாய் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு, விதிவிலக்காக ஃபுஜிகாவாவைச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். கூடவே உயெஹாரா கோஜி என்ற இன்னொரு பிட்சரையும். மூன்று வருஷமாகிறது! எதிர் மேசைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது. "ஏன் சொல்லவில்லை?" என்று செய்தி அனுப்பினேன். பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது: "சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஐந்து ஐந்துதானே."

டிசம்பர் 2, செவ்வாய்: கோஷியென், வீடு

கதவு திறந்திருந்தது. டிக்கெட் ஆயிரம் யென்னுக்குள்தான்.

ஒரு சுவர் முழுக்கப் பந்துகள். கோஷியெனில் ஆடிய பள்ளிகளின் பெயர் ஒவ்வொன்றிலும். கழுத்து வலிக்கத் தேடினேன். வேலையாள் பெண் வந்து என்ன தேடுகிறேன் என்று கேட்டு, அவரும் தேட ஆரம்பித்தார். 'கோச்சி வணிகப் பள்ளி' கிடைத்ததும் இருவரும் ஒரே நேரத்தில் கத்திவிட்டோம். 1997 கோடையில் அந்தப் பள்ளிக்காக ஃபுஜிகாவாவின் அண்ணன் பந்தைப் பிடிக்கும் கேட்சராக உட்கார, தம்பி இங்கே பந்து போட்டிருக்கிறார். அப்போது தம்பிக்குப் பதினேழு வயது.

வெளிச்சுற்றுப் பக்கமிருந்து மைதானம் முழுசாகத் தெரிகிறது. பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து அடிப்பவர் நிற்கும் தட்டு வரை 18.44 மீட்டர். அவ்வளவு தூரத்தில் நின்று பிடிவாதமாக ஒரே பந்தைத் திரும்பத் திரும்பப் போடுவது என்ன தைரியம்! ஃபுஜிகாவா ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒட்டவைத்துப் பிடிப்பாராம். பந்து பின்பக்கமாகக் கடுமையாகச் சுழன்று வருவதால் எதிர்பார்த்த அளவு கீழே இறங்காது. அடிப்பவன் கண்ணுக்கு மேலே எழும்புவதுபோல் தெரியும், மட்டை பந்துக்கு அடியில் போய்விடும். 2005 வசந்தத்தில் ஜெயன்ட்ஸின் கியோஹாராவை, மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது திடீரென்று கீழே இறங்கும் ஃபோர்க் பந்து போட்டு ஏமாற்றி அவுட்டாக்கினார். ஆண்பிள்ளை போடும் பந்தா இது என்ற அர்த்தத்தில் கியோஹாரா கொஞ்சம் அசிங்கமாகவே திட்டினார். ஜூனில், இதே மைதானத்தில், நேர்ப்பந்தாலேயே அவரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். இந்த முறை கியோஹாரா சொன்னது 'நெருப்புக் கோளம்'. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்த வருஷம் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில், நேர்ப்பந்துதான் வரும் என்று முன்கூட்டியே காட்டிவிட்டு, எதிரணியின் கப்ரேராவையும் ஒகாசவாராவையும் ஸ்ட்ரைக் அவுட் செய்தார்.

கீழே இரண்டு பேர் எதையோ இழுத்துக்கொண்டு கறுப்பு மண்ணைச் சமன்படுத்திக்கொண்டிருந்தார்கள். டிசம்பரிலும் புல் பச்சையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற அதே பெண்ணிடம் கேட்டேன். கோடைக்கு ஒரு புல், குளிருக்கு ஒரு புல்லாம். ஒன்று காயும் நேரத்தில் அடுத்ததின் விதையைத் தூவி விடுவார்கள். "ஆட்டமில்லாவிட்டாலும் இவர்களுக்கு வேலை உண்டு" என்றார்.

அரை மணி நேரம் நின்றேன். கறி சாதம் சாப்பிட்டுவிட்டு, ரயிலேறுவதற்கு முன் மைதானத்தின் படத்தை எதிர் மேசைக்காரருக்கு அனுப்பினேன்.

"நான்தான் சொன்னேனே" என்று பதில் வந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று: "நல்ல புல்."